அரசு கொள்முதலில் பெண்களுக்கு 3, எஸ்சி/எஸ்டிக்கு 4 சதவீதம்: இந்த ஒதுக்கீடு எப்படி வேலை செய்கிறது?

அரசாங்கம் என்றால் நமக்கு வரி, ரேஷன் கார்டு, பட்டா, பென்ஷன் இவைதான் ஞாபகத்துக்கு வரும். நாட்டிலேயே பெரிய வாடிக்கையாளரும் அதுதான் என்பது சட்டென்று தோன்றாது. ரயில் பெட்டியில் விரிக்கும் படுக்கை விரிப்பு, ராணுவ வீரரின் கையுறை, மருத்துவமனையின் பேண்டேஜ் துணி, அலுவலகத்துக் கணினி, அதைத் துடைக்கும் துணி, அந்த அலுவலகத்தைப் பெருக்கும் ஆள் வரை எல்லாவற்றையும் யாரோ ஒருவரிடம் காசு கொடுத்துத்தான் அரசு வாங்குகிறது. அந்த யாரோ ஒருவர் யார் என்பதுதான் இங்கே பேசப் போகும் விஷயம். பெண்கள் நடத்தும் தொழில்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்கும் இந்தக் கொள்முதலில் ஒரு பங்கு போக வேண்டும் என்று சட்டப்படியான ஓர் ஆணையே இருக்கிறது. இருப்பது நிறைய பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பாதிப் பேர் அதைத் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

முதலில் ஆணை என்ன சொல்கிறது என்று பார்ப்போம். குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் வளர்ச்சிச் சட்டம் 2006-இல் வந்தது. அதன் 11-ஆவது பிரிவின் கீழ் 2012 மார்ச்சில் மத்திய அரசு ஒரு கொள்முதல் ஆணை வெளியிட்டது. ஒவ்வொரு மத்திய அமைச்சகமும், துறையும், பொதுத்துறை நிறுவனமும் ஆண்டுக்கு வாங்குவதில் குறைந்தது 20 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும், அதற்குள் 4 சதவீதம் எஸ்சி/எஸ்டி தொழில்முனைவோருக்குப் போக வேண்டும் என்றது. 2015 ஏப்ரல் முதல் இது கட்டாயமானது. 2018 நவம்பரில் திருத்தம் வந்து 20 என்பது 25 ஆனது, பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு 3 சதவீதம் புதிதாகச் சேர்ந்தது. அந்த 4-உம் 3-உம் 25-க்கு உள்ளேயே அடக்கம், தனியாக மேலே சேர்வதில்லை.

யாருடைய கொள்முதல் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது மத்திய அரசின் ஆணை. பெரம்பூர் ஐசிஎஃப், திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி, மணலி சிபிசிஎல் இவற்றுக்கெல்லாம் பொருந்தும். உங்கள் ஊர் மாநகராட்சிக்கும் மின் வாரியத்துக்கும் பொதுப்பணித் துறைக்கும் பொருந்தாது. மாநில அரசின் டெண்டர்கள் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 என்கிற தனிச் சட்டத்தின்படி நடக்கின்றன, அதன் சலுகைகளைத் தனியாகத்தான் படிக்க வேண்டும். மத்திய ஆணையின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்தில் வாதாடிப் பயனில்லை.

எதற்கு இந்தத் தனிப் பங்கு? டெண்டர் எல்லாருக்கும் பொதுதானே, குறைந்த விலை சொல்கிறவருக்குக் கொடுத்தால் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் டெண்டரில் விலை கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் தகுதி நிபந்தனைகள் என்று ஒரு பட்டியல் இருக்கும்: மூன்று ஆண்டு சராசரி டர்ன்ஓவர் இவ்வளவு, இதே மாதிரி வேலை இத்தனை ஆண்டு செய்த அனுபவம், முன்வைப்புத் தொகை இவ்வளவு. அரசுக்கு வேலை செய்யாமல் அரசு வேலை செய்த அனுபவம் எங்கிருந்து வரும்? முன்வைப்புத் தொகை, அதாவது எல்லாரும் இஎம்டி என்று சொல்வது, பொதுவாக மதிப்பில் 2 முதல் 5 சதவீதம். 40 லட்ச ரூபாய் டெண்டர் என்றால் 80 ஆயிரத்திலிருந்து 2 லட்சம் வரை முடங்கிக் கிடக்க வேண்டும், அதுவும் வேலை கிடைக்குமா என்றே தெரியாத ஒன்றுக்காக.

அப்பா காலத்திலிருந்து ஒப்பந்ததாரராக இருக்கும் குடும்பத்துக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பேங்கில் லிமிட் இருக்கும், அடமானம் வைக்க இடம் இருக்கும், எந்த அலுவலகத்தில் எப்போது டெண்டர் வரும் என்று சொல்ல ஆள் இருக்கும். வீடும் நிலமும் கணவர் பேரிலோ மாமனார் பேரிலோ இருக்கிற ஒரு பெண்ணுக்கு அடமானத்துக்கு என்ன இருக்கிறது? தலைமுறை தலைமுறையாக நிலமோ கடைத்தெருவில் ஒரு கடையோ வைத்திருக்க விடப்படாத சமூகத்திலிருந்து முதல் ஆளாகத் தொழிலுக்கு வருபவருக்கு யார் போன் பண்ணி டெண்டர் சேதி சொல்வார்கள்? விலையில் இவர்கள் தோற்றால் அது வேறு விஷயம், போட்டி என்றால் தோற்பதும் உண்டு. விலை சொல்லும் இடம் வரைக்கும் வரவே முடியாமல் போவதுதான் பிரச்சினை. இந்த ஆணையில் இருக்கிற பெரும்பாலான சலுகைகள் அந்த இடம் வரைக்கும் கொண்டுவந்து விடுவதற்கானவை. அதை மனதில் வைத்துப் படித்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது

இதற்கு நம்மூர் வரலாறும் உண்டு, அமெரிக்க வரலாறும் உண்டு, இரண்டும் ஓரிடத்தில் சேர்கின்றன. 1974 ஜனவரியில் அட்லாண்டா நகரின் முதல் கறுப்பின மேயராகப் பொறுப்பேற்ற மேனார்ட் ஜாக்சன், விமான நிலைய விரிவாக்கம் என்ற மாபெரும் வேலை கையில் இருந்தபோது, அதில் 25 சதவீதமாவது சிறுபான்மையினரின் நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். நகரில் கறுப்பின மக்கள் அத்தனை பேர் இருந்தும் நகராட்சி ஒப்பந்தங்களில் அவர்கள் பங்கு பேருக்குக்கூட இல்லை. பெரிய நிறுவனங்கள் முறுக்கிக்கொண்டன, வங்கிகள் முகம் சுளித்தன, அவர் அசையவில்லை. 1980-இல் புதிய முனையம் திறந்தது. அங்கே ஒப்பந்தம் எடுத்துப் பழகிய கறுப்பின நிறுவனங்கள் அடுத்தடுத்த வேலைகளுக்குத் தகுதியோடு போட்டியிட்டன. அனுபவம் இல்லை என்று இனிமேல் யாரும் அவர்களைத் தள்ள முடியாதே.

அங்கேயும் எல்லாம் நேர்க்கோட்டில் போகவில்லை. ரிச்மண்ட் நகரம் இதே மாதிரி 30 சதவீத விதி கொண்டுவந்தது. அந்த ஊர் மக்களில் பாதிப் பேர் கறுப்பினத்தவர், ஆனால் ஐந்தாண்டுக் கணக்கில் நகரின் கட்டுமான ஒப்பந்தங்களில் சிறுபான்மை நிறுவனங்களுக்குப் போனது 0.67 சதவீதம். அப்படியிருந்தும் 1989-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. பாகுபாடு நடந்தது என்பதை அந்தந்த ஊரே தரவோடு காட்ட வேண்டும், அதற்கேற்ற அளவில்தான் தீர்வு இருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. அதற்குப் பிறகுதான் அங்கே நகரங்களும் மாநிலங்களும் யாருக்கு எவ்வளவு ஒப்பந்தம் போகிறது என்று முறையாக ஆய்வு செய்து கணக்கெடுக்கத் தொடங்கின. தீர்ப்பில் எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் அதன் விளைவாக வந்த அந்தக் கணக்கெடுக்கும் பழக்கம் நமக்கும் தேவை என்று நினைக்கிறேன்.

நம்மூருக்கு இது போபால் வழியாக வந்தது. 2002 ஜனவரியில் போபாலில் தலித் அறிவுஜீவிகள் கூடிய மாநாட்டில் ஒரு பிரகடனம் வெளியானது. வேலையில் இடஒதுக்கீடு மட்டும் போதாது, அரசாங்கம் வாங்கும் பொருளிலும் பங்கு வேண்டும் என்று அது கேட்டது, அமெரிக்க அனுபவத்தை எடுத்துக்காட்டியே கேட்டது. அப்போது திக்விஜய் சிங் முதல்வராக இருந்த மத்தியப் பிரதேச அரசு 30 சதவீதக் கொள்முதலை எஸ்சி/எஸ்டி வியாபாரிகளிடம் செய்வதாக அறிவித்தது. 2005-இல் புனேயில் மிலிந்த் காம்ப்ளே தொடங்கிய தலித் இந்திய வர்த்தகத் தொழிற்கூட்டமைப்பும் இந்தக் கோரிக்கையை முன்னெடுத்தது. 2012 ஆணையில் இருக்கும் அந்த 4 சதவீதத்துக்குப் பின்னால் பத்தாண்டுக் குரல் இருக்கிறது.

மத சிறுபான்மையினர் பற்றியும் கேட்பார்கள். மத்திய ஆணையில் முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர் என்று தனிப் பங்கு எதுவும் கிடையாது. கிறிஸ்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதியினர் சட்டப்படி எஸ்சி பட்டியலில் வராததால் அந்த 4 சதவீதத்திலும் வர மாட்டார்கள். இதில் எனக்கு வருத்தம் உண்டு, மதம் மாறியதால் பேங்க் மேனேஜர் பார்க்கும் பார்வை மாறிவிடுவதில்லை. மாநிலங்களில் கர்நாடகம்தான் துணிந்து போயிருக்கிறது. அங்கே 50 லட்சம் வரையிலான அரசுப் பணி ஒப்பந்தங்களில் எஸ்சிக்கு 17.15, எஸ்டிக்கு 6.95 சதவீதம் ஒதுக்கினார்கள், பிறகு வரம்பை ஒரு கோடி ஆக்கினார்கள். 2025-இல், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் முஸ்லிம்கள் வரும் 2பி பிரிவுக்கு 4 சதவீதம் சேர்த்து ஒரு திருத்த மசோதா நிறைவேறியது. ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவரின் முடிவுக்கு அனுப்பினார்.

யார் உரிமையாளர்?

பெண் நடத்தும் தொழில் என்றால் என்ன? தனிநபர் நிறுவனம் என்றால் உரிமையாளர் பெண்ணாக இருக்க வேண்டும். கூட்டு நிறுவனம் என்றால் பெண் கூட்டாளிகளின் பங்கு குறைந்தது 51 சதவீதம். பிரைவேட் லிமிடெட் என்றால் பெண் புரமோட்டர்களிடம் குறைந்தது 51 சதவீதப் பங்கு. எஸ்சி/எஸ்டிக்கும் இதே கணக்குத்தான், கூடவே சாதிச் சான்றிதழ் வேண்டும்.

இங்கே நம்மூர்ப் பழக்கம் ஒன்று உள்ளே வந்துவிடுகிறது. ஊராட்சித் தலைவர் மனைவி, கையெழுத்து மட்டும் அவர், நடத்துவது கணவர் என்று எத்தனை ஊர்களில் பார்த்திருக்கிறோம். அதே மாதிரி ஜிஎஸ்டியை மனைவி பேரில் எடுத்து, உதயம் பதிவில், அதாவது குறு, சிறு தொழிலாக அரசிடம் செய்யும் பதிவில், அவர் பேரைப் போட்டு, டெண்டர் கூட்டத்துக்கு மட்டும் ஐயா வருவார். சிலர் இதைச் சாமர்த்தியம் என்கிறார்கள். எனக்கு இது திருட்டாகத்தான் தெரிகிறது, ஏனென்றால் அந்த 3 சதவீதம் ஓர் உண்மையான பெண் தொழில்முனைவோரிடமிருந்து பிடுங்கப்படுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பேரைக் கொடுத்த அந்த மனைவிதான் கடன் கையெழுத்துக்கும் ஜிஎஸ்டி பாக்கிக்கும் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர். வீட்டில் யாராவது உங்கள் பேரில் கம்பெனி ஆரம்பிக்கலாம் என்று சொன்னால், பேங்க் கணக்கு யார் கையில் என்பதை முதலில் கேளுங்கள்.

உதயம் பதிவுதான் இதற்கெல்லாம் நுழைவுச் சீட்டு. 2020 ஜூலையில் தொடங்கியது. ஆதார், பான், ஜிஎஸ்டி எண் இருந்தால் ஆன்லைனில் நீங்களே போடலாம், ஒரு பைசா கட்டணம் கிடையாது. தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தளங்கள் கட்டணம் கேட்டு முன்னால் வந்து நிற்கும், அவற்றிடம் ஏமாறாதீர்கள். படிவத்தில் பாலினமும் சமூகப் பிரிவும் கேட்கும் இடத்தைக் கவனமாகப் பூர்த்தி செய்யுங்கள். அதிலிருந்துதான் நீங்கள் 3-இல் வருகிறீர்களா 4-இல் வருகிறீர்களா என்று கொள்முதல் அலுவலகத்துக்குத் தெரியும். பொதுப் பிரிவு என்று போட்டுவிட்டு, சலுகை வரவில்லையே என்று அப்புறம் தேடுபவர்கள் உண்டு.

வாங்கி விற்பவர்களுக்கு ஒரு கசப்பான செய்தி. 2021-இலிருந்து வியாபாரிகளும் உதயம் பதிவு செய்யலாம், ஆனால் அது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான். கொள்முதல் சலுகை, பொருளைத் தாங்களே தயாரிப்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும் உரியது. சவுகார்பேட்டையில் மொத்தமாக வாங்கி அரசுக்கு விற்கிறவர் டெண்டரில் கலந்துகொள்ளலாம், சலுகை கேட்க முடியாது. கட்டட வேலை, சாலை வேலை மாதிரியான பணி ஒப்பந்தங்களுக்கும் இந்த ஆணை பொதுவாகச் செல்லாது.

டெண்டருக்குள் என்ன நடக்கிறது

மத்திய அரசுக் கொள்முதலில் பெரும்பகுதி இப்போது 2016 ஆகஸ்டில் தொடங்கிய ஜெம் என்ற அரசின் ஆன்லைன் கொள்முதல் தளத்தில் நடக்கிறது. 2019 ஜனவரியிலிருந்து பெண் தொழில்முனைவோருக்கென்று அங்கே வுமனியா என்று ஒரு பகுதியும் உண்டு. அதில் பொருளைப் பதிவேற்றிவிட்டால் ஆர்டர் தானாகக் கொட்டும் என்று நினைக்காதீர்கள். கண்ணில் படுவதற்கு ஓர் இடம், அவ்வளவுதான். பெரிய தொகை எல்லாம் ஏலக் கேட்பு வழியாகத்தான் போகும், அங்கேதான் உங்கள் கவனம் இருக்க வேண்டும்.

ஜெம் டெண்டர் ஆவணத்தின் முதல் பக்கத்தைத் திறந்தால் ஓர் அட்டவணை இருக்கும். இடது பக்கம் தலைப்பு, வலது பக்கம் பதில். முதலில் கடைசித் தேதி, பிறகு குறைந்தபட்ச சராசரி ஆண்டு டர்ன்ஓவர், பிறகு எத்தனை ஆண்டு அனுபவம். அதற்குக் கீழே ஒரு வரி: குறு, சிறு தொழில்களுக்கு அனுபவத்திலும் டர்ன்ஓவரிலும் தளர்வு உண்டா, ஆம் அல்லது இல்லை. நீங்கள் பார்க்க வேண்டிய முதல் வரி இதுதான். ஆம் என்று இருந்தால் தரமும் தொழில்நுட்ப விவரமும் சரியாக இருந்தால் போதும், பழைய ஆர்டர் இல்லை என்பதற்காக உங்களைத் தள்ள மாட்டார்கள். இல்லை என்று இருந்தால் உங்களிடம் டர்ன்ஓவர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் உட்கார்ந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அந்த ஆம், இல்லை வாங்கும் அதிகாரியின் கையில் இருக்கிறது. அரசாணை தளர்வு தரலாம் என்றுதான் சொல்கிறது, தந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. உயிர் காக்கும் கருவி, ரயில் பிரேக் இதற்கெல்லாம் அனுபவம் கேட்பது சரிதான், அதில் தகராறு இல்லை. அலுவலகம் பெருக்குவதற்கும் ஃபைல் அட்டைக்கும் எதற்கு? இப்படித் தேவையில்லாத நிபந்தனை தென்பட்டால், டெண்டர் வெளியான 4 நாட்களுக்குள் ஜெம் தளத்திலேயே உங்கள் கணக்கு வழியாக ஆட்சேபம் எழுதலாம், அதற்கென்றே பகுதி இருக்கிறது. எழுதினால் பகைத்துக்கொள்வார்களோ என்று நம் ஆட்கள் தயங்குகிறார்கள். மரியாதையாக, குறிப்பாக, எந்த நிபந்தனை, ஏன் இந்தப் பொருளுக்குத் தேவையில்லை என்று நாலு வரி எழுதுங்கள். எழுதாத ஆட்சேபத்துக்கு யாரும் பதில் சொல்லப் போவதில்லை.

இஎம்டி கட்டத் தேவையில்லை, டெண்டர் ஆவணத்துக்கும் காசு கிடையாது. இவை இரண்டும் குறு, சிறு தொழில்கள் எல்லாவற்றுக்கும் உண்டு. ஆனால் வேலை கிடைத்த பிறகு செயல்பாட்டு உத்தரவாதம் என்று ஒன்று கேட்பார்கள், பொதுவாக ஒப்பந்த மதிப்பில் 3 முதல் 5 சதவீதம், அதற்கு விலக்கு இல்லை. பேங்க் கியாரண்டியாகக் கொடுக்கலாம். இஎம்டிதான் இல்லையே என்று துள்ளிக் குதித்து, ஆர்டர் வந்த பிறகு கியாரண்டிக்குப் பணமில்லாமல் திண்டாடும் நிலைமை உங்களுக்கு வர வேண்டாம், முதலிலேயே பேங்கில் பேசிவையுங்கள். எஸ்சி/எஸ்டி தொழில்முனைவோருக்கு இதில் ஓர் உதவி உண்டு. 2016 அக்டோபரில் தொடங்கிய தேசிய எஸ்சி-எஸ்டி ஹப், தேசிய சிறுதொழில் கழகமான என்எஸ்ஐசி வழியாக நடக்கிறது. பேங்க் கியாரண்டிக் கட்டணம், பொருள் பரிசோதனைக் கட்டணம் போன்றவற்றில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் திட்டங்கள் அங்கே இருக்கின்றன.

இப்போது விலைக்கு வருவோம், பலர் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். கூடுதல் விலைக்கு வாங்கிக்கொள்வார்கள் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கோவைப் பக்கம் எல்இடி விளக்கு தயாரிக்கும் ஒரு சின்ன யூனிட், உரிமையாளர் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். டெண்டர் 1,000 விளக்குகளுக்கு. ஒரு பெரிய கம்பெனி விளக்கு ஒன்றுக்கு 400 ரூபாய் போட்டு மிகக் குறைந்த விலைக்காரராக, அதாவது எல்1-ஆக வருகிறது. நம் யூனிட் 450 ரூபாய். எல்1 விலையோடு 15 சதவீதம் சேர்த்தால் 460, அதற்குள் 450 அடங்குகிறது. அதனால் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, 400 ரூபாய்க்கே தருகிறீர்களா என்று கேட்பார்கள். சரி என்றால் குறைந்தது 25 சதவீதம், அதாவது 250 விளக்குகள் அவருக்கு, ஒரு லட்ச ரூபாய் ஆர்டர். பிரித்துக் கொடுக்க முடியாத பொருள் என்றால் முழு ஆர்டரையுமே தர இடமிருக்கிறது.

ஆக அரசு ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுப்பதில்லை. அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது, எல்1 விலைக்கு இறங்கி வர இன்னொரு வாய்ப்பு. அவருக்கு ஒரு விளக்கின் அடக்க விலை 410 என்றால் சரி என்று சொன்னால் 2,500 ரூபாய் நஷ்டம். அடக்க விலையைப் பைசா வரை எழுதி வைத்துக்கொள்ளாமல் டெண்டருக்குள் இறங்காதீர்கள், கூப்பிட்டுக் கேட்கும்போது யோசிக்க அதிக நேரம் இருக்காது. கவனிக்க வேண்டிய இன்னொன்று: எல்1-ஆக வந்ததே வேறொரு குறு, சிறு தொழில் என்றால் இந்த 15 சதவீத வாய்ப்பு எழுவதே இல்லை.

இதில்தான் ஆணையின் பெரிய ஓட்டை இருக்கிறது. 3, 4 என்பதெல்லாம் ஒவ்வொரு டெண்டரிலும் ஒதுக்கப்படும் பங்கு இல்லை, அந்த அமைச்சகமோ நிறுவனமோ ஆண்டு முழுக்க வாங்கியதில் எட்ட வேண்டிய இலக்கு. ஒரு குறிப்பிட்ட டெண்டரில் உங்கள் பங்கு எங்கே என்று கேட்க உங்களுக்கு வழியில்லை. அத்தோடு 2025 ஏப்ரல் முதல் சிறு தொழில் என்பதன் வரம்பே முதலீட்டில் 25 கோடி, ஆண்டு வியாபாரத்தில் 100 கோடி வரை போய்விட்டது. 30 லட்சம் டர்ன்ஓவர் செய்யும் தையல் யூனிட்டும் 90 கோடி செய்யும் கம்பெனியும் ஒரே 25 சதவீதத்துக்குள் நிற்கின்றன. போதாக்குறைக்கு, எஸ்சி/எஸ்டி தொழில்கள் டெண்டரில் கலந்துகொள்ளவில்லை அல்லது தகுதியும் எல்1 விலையும் பொருந்தவில்லை என்றால் அந்த 4 சதவீதத்தை மற்ற குறு, சிறு தொழில்களிடம் வாங்கி நிரப்பிக்கொள்ளலாம் என்று ஆணையே சொல்கிறது. பலன் என்ன தெரியுமா? மொத்த இலக்கை அரசு தாண்டிக்கொண்டே போகிறது, பெண்களுக்கும் எஸ்சி/எஸ்டிக்கும் உரிய உள் இலக்குகள் ஆண்டுக்கணக்காக எட்டப்படாமலே கிடந்திருக்கின்றன. அரசின் சம்பந்த் தளத்தில் நிறுவன வாரியாக இந்தக் கணக்கைப் பார்க்கலாம். உங்கள் ஊர்ப் பக்கம் இருக்கும் பொதுத்துறை நிறுவனம் எவ்வளவு வாங்கியது என்று தேடிப் பாருங்கள், அவர்கள் நடத்தும் விற்பனையாளர் கூட்டத்தில் கையில் அந்த எண்ணோடு எழுந்து கேட்டால் பதில் சொல்லும் விதமே வேறாக இருக்கும்.

இலக்கை எட்ட மனமிருக்கும் அதிகாரிக்கு வழிகள் நிறைய உண்டு. பத்து மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தமாகப் போடாமல் மாவட்டத்துக்கு ஒன்றாகப் பிரித்துப் போடலாம். அனுபவத் தளர்வுக்கு ஆம் என்று போடலாம். துடைப்பம், வாளி, கையுறை, பேண்டேஜ் துணி, பைகள் என்று 358 பொருட்கள் குறு, சிறு தொழில்களிடம் மட்டுமே வாங்க வேண்டியவை என்று பட்டியலே இருக்கிறது, அவற்றில் பெண்கள் நடத்தும் யூனிட்டுகளைத் தேடிப் போய்ச் சேர்க்கலாம். இதில் முதலாவதுதான் ரொம்ப முக்கியம் என்பது என் கருத்து. ஒப்பந்தத்தின் அளவு ஒரு சின்ன யூனிட்டால் தாங்கக்கூடியதாக இல்லாவிட்டால் மற்ற சலுகை எதுவும் அதைக் காப்பாற்றாது.

பணம் எப்போது வரும்

வேலையும் கிடைத்து, சரக்கும் அனுப்பியாகிவிட்டது. இங்கேதான் நிறைய சின்னத் தொழில்கள் மூழ்குகின்றன. நூலுக்கும் கூலிக்கும் கையிலிருந்து போட்டிருப்பீர்கள், பில் எங்கோ ஒரு மேசையில் கிடக்கும். சொத்துப் பின்புலம் உள்ளவர் ஆறு மாதம் தாங்குவார். கழுத்து நகையை அடகு வைத்துத் துணி வாங்கியவர் எத்தனை நாள் தாங்குவார்?

சட்டம் இதில் உங்கள் பக்கம் பலமாக நிற்கிறது, பயன்படுத்துபவர்கள்தான் குறைவு. எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது, ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. மத்திய குறு, சிறு தொழில் அமைச்சகத்தின் ஆன்லைன் தளம் வழியாக மனு போடலாம், அது இந்தப் பாக்கித் தகராறுகளைத் தீர்க்க மாநிலத்தில் இருக்கும் வசதியாக்கல் மன்றத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் மன்றங்கள் இருக்கின்றன. மன்றம் உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்ன பிறகு எதிர்த்தரப்பு நீதிமன்றம் போக வேண்டுமென்றால் அந்தத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

மனு போட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம் நியாயமானது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் மனுவுக்கு முன்னால் ட்ரெட்ஸ் என்ற வழியைப் பாருங்கள். ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் போன்ற தளங்களில் உங்கள் பில்லை ஏற்றினால், வாங்கியவர் அதை ஒப்புக்கொண்டதும் வங்கிகள் போட்டி போட்டு வட்டி சொல்லும், குறைவாகச் சொன்ன வங்கி அந்த வட்டியைக் கழித்துக்கொண்டு மீதியை உங்களுக்கு உடனே தந்துவிடும். கெடுத் தேதியில் வாங்கியவர் வங்கிக்குக் கட்டுவார். கட்டாவிட்டால் வங்கி உங்கள் மேல் பாயாது. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் இதில் சேர்ந்தாக வேண்டும் என்பது விதி, எனவே ஆர்டர் வரும்போதே ட்ரெட்ஸில் பில் ஏற்றுவீர்களா என்று கேட்டுவிடுவது நல்லது.

எந்த வழியில் போனாலும் உங்களைக் காப்பாற்றப்போவது இரண்டு காகிதம். ஒன்று உதயம் சான்று, சரக்கு கிளம்பும் தேதிக்கு முந்தைய தேதியில் எடுத்தது. இன்னொன்று டெலிவரி சலான். சரக்கை இறக்கிய நாளிலேயே வாங்குபவரின் கையெழுத்து, பெயர், பதவி, தேதி, முத்திரை எல்லாம் அதில் வாங்கிக்கொள்ளுங்கள். சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்து மூலம் குறை சொல்லாவிட்டால், வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். நாள் எண்ணத் தொடங்குவது அந்தத் தேதியிலிருந்துதான். ஸ்டோரில் ஆள் இல்லை, நாளைக்கு வந்து சீல் வாங்கிக்கோங்க என்று சொன்னால் டிரைவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அன்றைக்கே உட்கார்ந்து வாங்கச் சொல்லுங்கள்.